கொட்டகையின் மறுபாதி

தாலா ஊஃபெல்லா,
5 நவம்பர் 1973

வர்தியாவின் அப்பாவுக்கு, தாவுஸ் எழுதுவது.

நாங்கள் சுகம் என்று தொடங்கினால், "அது கிடக்கட்டும், ஆடுங்க எப்படி இருக்கு?" என்பீர்கள். அதனால் அதையே முதலில் எழுதிவிடுகிறேன். ஆடுகள் சுகம். மழை பிடிப்பதற்குள் எல்லாமே கிடாவோடு சேர்ந்துவிட்டன. செவலைதான் ரொம்ப நாள் பிகு பண்ணிக்கொண்டிருந்தது. கடைசியில் அதுவும் வழிக்கு வந்த மாதிரிதான் தெரிகிறது. பிப்ரவரி, மார்ச்சில் குட்டிச் சத்தம் கேட்கும். நானும் வர்தியாவும்கூட சுகம், நீங்கள் கேட்காவிட்டாலும்.

நீங்கள் வாங்கி வந்த கிடாவுக்கு ஊரே பெயர் வைத்துவிட்டது. காயித். உங்கள் தம்பி அக்லியின் வேலை. "பிரெஞ்சுக்காரன் காலத்துல வரி வாங்க ஒரு காயித் வருவானே, அதே நெஞ்சு, அதே நடை, ஒரு வீட்டையும் விடமாட்டேங்குது" என்கிறான். பேருந்து நிற்கும் சாலையிலிருந்து மேடு முழுக்க அதைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தீர்களே, அதையும் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கிடாவுக்கு நடக்கத் தெரியாதா என்று கேட்டதற்கு, "மாப்பிள்ளைய்யா, கால்ல தூசி படக்கூடாது" என்றீர்களாம்.

தினம் ஒருவராவது ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். கிடா கேட்டு வந்தவரை வாசலோடு அனுப்பினால் வீட்டுக்கு ஆகாது. நானும் யாரையும் அனுப்பவில்லை, கூலி என்று எதுவும் தொடவில்லை. ஆளுக்கொரு பிடி வாற்கோதுமை அதன் வாயில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தின்று தின்று அதற்குத் தொந்தி விழுந்துவிட்டது.

ஒன்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. கிடாவுக்குப் பின்னங்கால் நடுவில் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது. தொட்டால் உதைக்கிறது. அக்லியிடம் சொன்னேன், சிரித்துக்கொண்டே போய்விட்டான். கொஞ்ச நாள் யாருக்கும் கொடுக்காமல் கட்டிவைக்கலாமா? நீங்கள் சொன்னால் கட்டிவைக்கிறேன்.

கொட்டகையில் நீங்கள் கட்டிய மறுபாதி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வர்தியா அங்கே கல்லடுக்கி வீடு கட்டி விளையாடுகிறாள். "இந்தப் பக்கமும் ஆடு நிறைஞ்சா அப்பா வந்துருவாரு, இல்லம்மா?" என்று கேட்கிறாள். உங்கள் வாக்கைத்தான் அவள் திருப்பிச் சொல்கிறாள். மறந்துவிடாதீர்கள்.

உங்கள்
தாவுஸ்


செயிந்த் எத்தியேன்,
25 நவம்பர் 1973

என் வீட்டை நிமிர்த்தி வைத்திருக்கும் தாவுஸுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். விடுதியில் மற்றவர்களுக்கெல்லாம் வீட்டிலிருந்து வரும் கடிதம் தபால்காரர் கையெழுத்தில் இருக்கும். எனக்கு மட்டும் பெண்டாட்டி கையெழுத்து. கன்னியாஸ்திரிகளிடம் நீ நான்கு வருஷம் படித்ததற்கு உன் அப்பாவைத் திட்டியவர்களை இங்கே கூட்டி வந்து காட்ட வேண்டும்.

கிடாவைக் கட்டிவைக்காதே. வீக்கம் ஒன்றும் பெரிதல்ல. ஊர் முழுக்க மாப்பிள்ளையாக இருந்தால் வீங்காமல் என்ன செய்யும்? ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கித் தடவிவிடு. யார் வந்தாலும் கொடு. நான் ஊரில் இல்லாத நேரத்தில் மொக்ரான் வீட்டில் கிடா இல்லை என்று சொன்னார்கள் என்ற பேச்சு வரக்கூடாது. எனக்கு அங்கே இருப்பது அந்தப் பேர் ஒன்றுதான்.

இரும்பாலையில் என் ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது. நீட்டிப்பதா இல்லையா என்று மே கடைசிக்குள் மேஸ்திரியிடம் சொல்லிவிட வேண்டும். இந்த ஈத்துக் குட்டிகள் பிழைத்து நின்றுவிட்டால் மறுபாதியும் நிறைந்துவிடும். அப்படி நீ எழுதும் அன்றைக்கே அவரிடம் போய், "போதும்யா உங்க இரும்பு, நான் என் ஆட்டைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவேன். சத்தியமாகச் சொல்வேன். உலையின் முன்னால் நிற்கும்போது அந்த ஒரு வார்த்தையைத்தான் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே பிரெஞ்சுக்காரர்கள் பாலாடைக்கட்டி என்று ஒன்று தருகிறார்கள். கிழிந்த செருப்பைக் கடிப்பதுபோல் இருக்கிறது. உன் கையால் உறைந்த கட்டி ஒரு துண்டு கிடைத்தால் போதும், வேறொன்றும் கேட்கமாட்டேன். உன் பெரியப்பா மகன் ரபாஹ் மச்சான் ஜனவரியில் இங்கிருந்து ஊருக்கு வருகிறார். நினைவிருக்கட்டும்.

வர்தியாவுக்கு முத்தம்.

மொக்ரான்


தாலா ஊஃபெல்லா,
27 ஜனவரி 1974

வர்தியாவின் அப்பாவுக்கு,

மனசு சரியில்லாமல் எழுதுகிறேன். காதறுந்தவள் மாதம் நிறைவதற்குள் குட்டி வீசிவிட்டது. இரட்டைக் குட்டி, முடிகூடச் சரியாக முளைக்கவில்லை. வழுக்கி விழுந்திருக்கும் என்று நினைத்தேன், பனி அப்படி. அடுத்த வாரமே கறுப்பி. அதற்கு அடுத்து நீங்கள் உங்கள் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்களே, அது. மூன்றும் கண்ணெதிரே வீசிவிட்டன. கையில் ஏந்திக்கொண்டு நின்றேன், வேறென்ன செய்ய?

பெருநாளுக்கு வந்தவர்கள் எல்லாம் கொட்டகையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள், கண்பட்டுவிட்டது என்கிறாள் அக்லி பெண்டாட்டி. அவள் சொன்னபடி தார் பூசினேன், வாசலில் லாடம் அடித்தேன். கிடாவின் வீக்கத்துக்கு நீங்கள் சொன்ன எண்ணெயும் தடவிக்கொண்டுதான் இருக்கிறேன். வீக்கம் வடியவில்லை.

குட்டி இல்லாவிட்டாலும் மடி நிறைந்துவிட்டது. குட்டியில்லாத மடிப்பால் வீட்டில் இருப்பவர்களுக்கு இல்லை, வெளியூரில் இருப்பவருக்கு என்பதுதானே நம் வழக்கம். வர்தியா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அது அப்பா பாலுடி, தொடக்கூடாது" என்று விரட்டிவிட்டேன். நானும் ஒரு வாய் வைக்கவில்லை. எல்லாவற்றையும் கட்டியாக உறைய வைத்து, உப்பிட்டு, ஜாடியில் அடைத்து ரபாஹ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஜாடியின் வாயைத் துணியால் கட்டியிருக்கிறேன். வழியில் அவர் மோந்து பார்க்காமல் இருக்க வேண்டும்.

சாப்பிடும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நஷ்டத்திலும் உங்களுக்கு ஒன்று அனுப்ப முடிந்ததே என்று அன்றைக்கு மட்டும் எனக்குத் தூக்கம் வந்தது.

இன்னும் சினையாடுகள் இருக்கின்றன. கை நழுவிப் போகவில்லை.

தாவுஸ்


செயிந்த் எத்தியேன்,
20 பிப்ரவரி 1974

தாவுஸ்,

ஜாடி வந்தது. துணியை அவிழ்த்ததும் அறை முழுக்க நம் கொட்டகை வாசனை. கூட இருக்கும் மூன்று பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நான் ஜாடியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். என் வாழ்க்கையில் சாப்பாட்டை ஒளித்துவைத்தது இதுதான் முதல் தடவை. வெட்கமாகத்தான் இருக்கிறது. தினம் வேலை முடிந்து வந்து ரொட்டியில் கொஞ்சம் வைத்துத் தின்றேன், ஜாடியின் அடியை விரலால் வழித்தும் நக்கினேன்.

போன குட்டிகளுக்காக அழாதே. பனிக் காலத்தில் இரண்டு மூன்று போவது உண்டுதான். மற்றவை நிற்கும். நெற்றிச்சுட்டிக்குத் தழை கூடுதலாகப் போடு, அது எப்போதும் இரட்டை ஈனும். மறுபாதியில் வைக்கோல் பரப்பி வைத்துவிடு. காலியாகக் கிடந்தால் மனசு விட்டுப்போகும்.

மேஸ்திரியிடம் மே மாதம் சொல்வதற்கு அந்த வார்த்தை தயாராகவே இருக்கிறது.

மொக்ரான்


தாலா ஊஃபெல்லா,
20 மார்ச் 1974

வர்தியாவின் அப்பாவுக்கு,

நெற்றிச்சுட்டியும் வீசிவிட்டது.

இதற்கு மேல் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஈன்ற இரண்டு ஆடுகளின் குட்டிகளும் நிற்கத் திராணியில்லாமல் செத்துப்போயின. அக்லி வீட்டில் எல்லாம் போய்விட்டது. ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் ஒவ்வொரு வீட்டிலும் இதே கதைதான். நம் காயித் போகாத வீட்டில் மட்டும் குட்டி துள்ளுகிறது. அப்படி இரண்டு வீடு இருக்கிறது. அதை ஊரும் கணக்குப் போட்டுவிட்டது.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால்கூட நன்றாக இருக்கும். நான் ஊற்றடிக்குப் போனால் குடத்தை நகர்த்தி இடம் விடுகிறார்கள், பேச்சு நின்றுவிடுகிறது. போன இலையுதிர் காலத்தில் பிடிப்பிடியாக வாற்கோதுமை கொண்டுவந்த அதே கைகள்.

நகரத்திலிருந்து கால்நடை மருத்துவர் வந்தார். எல்லா ஆட்டிலும் ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். முடிவு வர ஒரு மாதம் ஆகுமாம். கிடாவைப் பின்னால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எப்பலேர்ந்தும்மா?" என்று கேட்டார். நான் கிடாவைப் பிடித்துக் கொட்டகைக்குள் கொண்டு போனேன்.

மறுபாதியில் நீங்கள் சொன்னபடி வைக்கோல் பரப்பினேன். வர்தியா அதில் படுத்துத் தூங்குகிறாள்.

நீங்கள் ஒரு வரியாவது சீக்கிரம் எழுதுங்கள். என்ன செய்யட்டும் என்று சொல்லுங்கள். இங்கே கேட்க எனக்கு யாரும் இல்லை.

தாவுஸ்


செயிந்த் எத்தியேன்,
8 ஏப்ரல் 1974

தாவுஸ்,

தாமதத்துக்குக் கோபிக்காதே. காய்ச்சலில் படுத்துவிட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. சாயங்காலமானால் ஏறுகிறது, விடியும்போது போர்வையைப் பிழியலாம், அப்படி வேர்க்கிறது. ஒரு வாரம் அடித்து, ஒரு வாரம் விட்டு, மறுபடியும் வருகிறது. முதுகு பிடித்துக்கொண்டு குனிய விடமாட்டேன் என்கிறது. மருத்துவர் சளிக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார். மறுபடி போனபோது இவன் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்பதுபோல் பார்த்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாம் இரும்பைப் பற்றியது. உடம்பைப் பற்றிச் சொல்ல வார்த்தை இல்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். ரத்தத்தின் முடிவு வருவதற்குள் கிடாவை விற்றுவிடு. நம்மூர் ஆட்களிடம் அல்ல. கீழே சனிக்கிழமைச் சந்தைக்குக் கொண்டு போ. எனக்கு விற்றவனும் அங்கே வைத்துத்தான் விற்றான், அவன் என்னிடம் ஒன்றும் சொன்னானா? பார்க்க அழகாகத்தானே இருக்கிறது, நின்றவுடன் போய்விடும். வருவதை வைத்து நான்கு நல்ல ஆடு வாங்கு. அதுகளை வைத்து மறுபடி தொடங்கிவிடலாம். மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் வந்துவிட வேண்டும் தாவுஸ். இந்த உடம்போடு இன்னொரு குளிர்காலம் இங்கே இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

இதைச் செய். எனக்காகச் செய்.

மொக்ரான்


தாலா ஊஃபெல்லா,
29 ஏப்ரல் 1974

என் மொக்ரானுக்கு,

உங்கள் பேரைச் சொல்லி எழுதிவிட்டேன். இன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். ரபாஹ் அண்ணனின் தம்பி நாளை கப்பலேறுகிறான், இதை உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் இதைப் படியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். உடனே மருத்துவரிடம் போங்கள். மேலே தனித்தாளில் பிரெஞ்சில் எழுதியிருப்பது நம் கால்நடை மருத்துவரின் கையெழுத்து. மால்ட்டா காய்ச்சல் என்று எழுதியிருக்கிறார். அதை அப்படியே நீட்டுங்கள், நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

கிடாவைச் சந்தைக்குக் கொண்டு போனேன். நீங்கள் சொன்னீர்கள், போனேன். நீங்கள் வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அந்தச் சரிவு முழுக்க அதை இழுத்துக்கொண்டு போகும்போது, இது போனால் அவர் வருவார், இது போனால் அவர் வருவார் என்றுதான் சொல்லிக்கொண்டே நடந்தேன். சந்தையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண் நான் ஒருத்திதான். மூஞ்சியைத் தூக்கவில்லை.

ஒரு பெண் வந்தாள். அந்தப் பக்கத்து மலைக்காரி, என்னைவிடப் பெரியவள். அவள் புருஷனும் அங்கேதான் எங்கோ சுரங்கத்தில் இருக்கிறானாம். கிடாவின் முதுகைத் தடவினாள். நம் காயித் அவள் கையை நக்கியது. "சாதுவா இருக்கே. எங்க வீட்டுல ஆம்பளை இல்ல, நான்தான் பிடிக்கணும். ஏதாச்சும் குறை இருக்கா தங்கச்சி? இருந்தா சொல்லிடு" என்றாள்.

"இருக்குக்கா. வாங்காதீங்க" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், கிடாவைப் பார்த்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கயிற்றைப் பிடித்தபடி மறுபடியும் மேட்டுக்கு ஏறினேன். என்னை மன்னித்துவிடுங்கள். என்னால் முடியவில்லை.

அடுத்த செவ்வாய் முடிவு வந்தது. காயித்துக்கு அந்த நோய் இருக்கிறது, வீசின ஆடுகள் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. வைத்துக்கொள்ளக் கூடாது, விற்கக் கூடாது, தின்னக் கூடாது. ஓடைக்கு அப்பால் குழி வெட்டினார்கள். அக்லி வெட்டினான், அழுதுகொண்டே வெட்டினான். சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். செவலை மட்டும் தப்பியது. அது சினைப்படவே இல்லையாம். பிகு பண்ணியது பிகுவாகவே இருந்துவிட்டது.

எல்லாம் முடிந்து மருத்துவர் கை கழுவும்போது கேட்டார். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதா, ராத்திரி வேர்க்கிறதா, முதுகு வலிக்கிறதா என்று. இல்லை, எங்களுக்கு ஒன்றும் இல்லை என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது. அந்தப் பாலை யாரும் குடிக்கவில்லையா என்று கேட்டார். காய்ச்சாத பாலில் உறைய வைத்த கட்டியில்தான் அந்தக் கிருமி உயிரோடு இருந்து மனுஷனுக்கும் தொற்றுமாம்.

நாங்கள் குடிக்கவில்லை. வர்தியா கேட்டும் கொடுக்கவில்லை. ஒரு சொட்டு விடாமல் உங்களுக்கே சேர்த்து வைத்தேன். ஊரிலேயே மெனக்கெட்டு, உப்பிட்டு, துணி கட்டி, கடல் தாண்டி அனுப்பிவைத்தவள் நான் ஒருத்திதான். கிடாவை வாங்கியது நீங்கள், கொடுக்கச் சொன்னது நீங்கள். ஊட்டியது நான். திட்டுவதானால் நீங்களே திட்டுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், ஊற்றடியில் பட்டது போதும்.

கொட்டகையில் இப்போது இரண்டு பாதியும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. வரச் சொல்லி உங்களைக் கூப்பிட என்னிடம் எதுவும் இல்லை. ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டியிருந்தால் நீட்டித்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருங்கள், அது போதும். வர்தியாவிடம் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

மருத்துவரிடம் போனீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
தாவுஸ்


செயிந்த் எத்தியேன்,
2 ஜூன் 1974

தாவுஸ்,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

நீ அனுப்பிய தாளை நீட்டினேன். அந்த மருத்துவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். பிறகுதான் என்னை மனிதனாகப் பார்த்தார். உனக்கு ஆடு இருக்கிறதா என்று சைகையில் கேட்டார், தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்து. இருந்தது என்றேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊசி, மாத்திரை எல்லாம் ஆயிற்று. காய்ச்சல் நின்றுவிட்டது. அது நின்றது உன் தாளால். ஆனால் முதுகெலும்பில் இறங்கிவிட்டதாம். அது இனி இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்.

உன்னைத் திட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். யோசித்துப் பார்த்தேன். முதல் கடிதத்திலேயே கட்டிவைக்கட்டுமா என்று கேட்டாய். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து வேண்டாம் என்றது நான். சந்தையில் நீ செய்ததையும் நான் செய்யச் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குக் கூசுகிறது. அந்தக் கட்டியை அறைத் தோழர்களுக்குக் கொடுக்காமல் ஒளித்துத் தின்றேன் இல்லையா, அந்தத் திருட்டுப் புத்தியால் அவர்கள் மூன்று பேரும் பிழைத்தார்கள். என்னால் யாருக்காவது நல்லது நடந்தது என்றால் அது ஒன்றுதான். சிரிப்பு வந்தால் சிரி. நான் சிரித்தேன், முதுகு வலித்தது.

மேஸ்திரியிடம் சொல்ல அந்த வார்த்தையை வருஷம் முழுக்கப் பழகி வைத்திருந்தேனே, அதைச் சொல்ல வேண்டியே வரவில்லை. அவரே ஆஸ்பத்திரிக்கு வந்து என் சாமான்களைக் கட்டிலில் வைத்துவிட்டு, கை குலுக்கிவிட்டுப் போனார். குனிய முடியாதவனை உலைக்கு முன்னால் வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்?

ஆகவே வருகிறேன். மறுபாதி நிறைந்தால் வருவேன் என்றேன். இரண்டு பாதியும் காலியான பிறகு வருகிறேன். வந்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தாலும் இப்போதே எழுதாதே, வந்த பிறகு சொல். செவலையை விற்றுவிடாதே. வர்தியா கட்டிய வீட்டையும் இடிக்காமல் அப்படியே இருக்கவிடு.

இருபதாம் தேதி, வியாழக்கிழமை மத்தியானப் பேருந்துக்கு அக்லியைக் கீழே சாலைக்கு வரச் சொல், கழுதையோடு. ஊரில் யாராவது கேட்டால் நிறைய சாமான் கொண்டு வருகிறான் என்று சொல்லிக்கொள். சாமான் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு பெட்டி, அதை அவன் கையிலேயே எடுத்துவந்துவிடுவான். கழுதை எனக்கு.

மொக்ரான்